முன் பிரேக் ஹோஸ் மாற்றினேன், இப்போது பிரேக்கும் கிளட்ச்சும் சேர்ந்து லூஸ். எங்கே பார்ப்பது?

வெள்ளிமீன்:
காரில் முன் சக்கரங்களின் ரப்பர் பிரேக் ஹோஸ் இரண்டும் வெடிப்பு விட்டிருந்தன. வீட்டிலேயே புது ஹோஸ் மாட்டி, பிரேக் பேடும் மாற்றி, முன்னால் இரண்டு பக்கமும் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினேன் (ஏர் எடுத்தேன்). இப்போது பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் பிடிக்கிறது, அதுவும் மெத்தென்று. அதைவிடக் குழப்பம் கிளட்ச். அந்தப் பக்கம் நான் கையே வைக்கவில்லை, ஆனால் பெடல் தரையைத் தொடும்போதுதான் கிளட்ச் விடுகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். பின்னால் டிரம் பிரேக். எங்கும் ஆயில் ஒழுகவில்லை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக்குக்கு ஒன்று, கிளட்ச்சுக்கு ஒன்று) இரண்டும் ஒரே நேரத்தில் போகுமா?

ஓரம்போ:
பெடல் உள்ளே போனால் மாஸ்டர் சிலிண்டர்தான். இரண்டையும் மாற்றிவிடுங்கள், நிம்மதி.

பழையஎன்ஜின்:
அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள் தம்பி. வண்டியை வெளியேயும் எடுக்க வேண்டாம், தெருமுனை வரைக்கும்கூட. முதலில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை வேகமாக நாலைந்து முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாகிறதா? கெட்டியான பிறகு காலை எடுக்காமல் ஒரே அழுத்தமாக வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறதா? ஹோஸைக் கழற்றியபோது பிரேக் ஆயில் டப்பாவில் அளவு எவ்வளவு குறைந்தது? அப்புறம், அந்த டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளட்ச் பக்கம் போகிறதா?

வெள்ளிமீன்:
மிதிக்க மிதிக்க மேலே வருகிறது அண்ணா, கெட்டியும் ஆகிறது. காலை வைத்தே இருந்தாலும் இறங்கவில்லை. குழாய் இருக்கிறது, டப்பாவின் பக்கத்தில் கொஞ்சம் மேலே. ஹோஸ் மாட்டி முடிக்கும் வரை ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது, டப்பா கிட்டத்தட்ட காலி. மாட்டியதும் டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி நிரப்பினேன்.

பழையஎன்ஜின்:
அந்தக் குழாய்தான் விஷயம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஆயில் டப்பா ஒன்றே. கிளட்ச்சுக்குப் போகும் குழாயை மேலே வைத்திருப்பார்கள். கிளட்ச் லைனில் ஒழுக்கு வந்தாலும் அடியில் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அதனால் டப்பாவில் அளவு இறங்கினால் முதலில் காற்றை இழுப்பது கிளட்ச்தான். நீங்கள் தொடாத கிளட்ச் கெட்டது இப்படித்தான்.

உங்கள் டப்பா அடிவரை இறங்கியிருப்பதால் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் காற்று போயிருக்கும். அந்தக் காற்று பின் சக்கர லைனுக்கும் போகும், ஆகவே முன்னால் மட்டும் ஏர் எடுத்தது போதாது. மிதிக்க மிதிக்கக் கெட்டியாகிறது, பிடித்து வைத்தால் இறங்கவில்லை என்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் போயிருந்தால் பிடித்து வைத்தபோது பெடல் மெல்ல இறங்கியிருக்கும். இப்போதைக்கு மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டாம்.

நாலு சக்கரத்திலும் ஏர் எடுங்கள். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள், ஆனால் சில கார்களுக்கு வரிசை வேறு, கார் மேனுவலைப் பாருங்கள். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் நிப்பிளில். மிதிக்கும்போது திறந்து, பெடல் மேலே வருவதற்கு முன்பே நிப்பிளை மூட வேண்டும். இதில் நொடி பிசகினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள், மறுபடி இறங்கவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போகாத ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். அங்கே உரசினால் நல்ல சீலும் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கவலையில்லை.

ஆயில், மூடி திறக்காத புது பாட்டிலாக இருக்கட்டும். டாட் 4 காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். தரப்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் வெறும் 155. வெளியே எடுத்த ஆயிலைத் திரும்ப ஊற்றவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும்.

பிரேக் முடிந்ததும் கிளட்ச். கியர்பாக்ஸ் அருகே கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரிலோ அதற்குப் போகும் லைனிலோ நிப்பிள் இருக்கும். முறை அதேதான். காற்று இருக்கும்வரை பெடல் கீழேயே படுத்துக்கொள்ளும், பயப்படாமல் கையால் தூக்கிவிடுங்கள்.

ஸ்பேனர்12:
பேடைப் பிடித்திருக்கும் காலிபரைக் கழற்றியிருந்தால் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமும் வலமும் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், எவ்வளவு ஏர் எடுத்தாலும் காற்று மேலேயே தங்கும். ஹோஸ் போல்ட்டில் செம்பு வாஷர் இருந்தால் அது புதிதாக இருக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இவ்வளவும் செய்த பிறகும் மெத்தென்றே இருந்தால், அந்த ஏபிஎஸ் பிளாக்குக்குள் காற்று நின்றிருக்கலாம். பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டு பம்ப்பை ஓட்டித்தான் அதை எடுக்க முடியும். அந்த வேலை வொர்க்‌ஷாப்பில்தான்.

வெள்ளிமீன்:
நிப்பிள் இரண்டும் மேலேதான், வாஷரும் புதிது, ஏபிஎஸ் இல்லை. நாலு சக்கரமும் முடித்தேன், பின்னாலும் நிறையக் குமிழி வந்தது. கிளட்ச்சில் பெரிய பெரிய குமிழியாக வந்து நின்றது. இப்போது ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது! பிரேக்கிலும் அந்த மெத்து போய்விட்டது. ஆனால் முதல் மிதியில் பெடல் இன்னும் கொஞ்சம் தாழ்வு, இரண்டாவது மிதியில் நல்ல உயரம். இன்னும் காற்று இருக்கிறதா?

பழையஎன்ஜின்:
மெத்து இல்லாமல் உயரம் மட்டும் குறைவு என்றால் பின் டிரம்மைச் சந்தேகப்படுங்கள். டிரம்மின் உள்பக்கம் அழுந்திப் பிடிக்கும் ஷூ அதற்குத் தூரமாக இருந்தால் முதல் மிதி அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியிலேயே பெடல் உயர்ந்தால் ஷூதான் காரணம். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை முழுக்க விட்டுவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஷூவை நெருக்கும் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ஷூ லேசாக உரசியதும் நிறுத்தி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை கொஞ்சம் பின்வாங்குங்கள். கேபிளை இழுத்துக் கட்டி இந்த வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள், அது ஷூவின் தூரத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

வெள்ளிமீன்:
ஷூதான் அண்ணா. நெருக்கியதும் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்தால் மட்டும் பெடல் சற்று இறங்குகிறது, அது?

பழையஎன்ஜின்:
அது மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது, சரியாகத்தான் இருக்கிறது. இறங்கி நின்ற இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும், அதைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போதே ஒருவரை நன்றாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி ஹோஸ் முனைகள், நிப்பிள்கள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எதுவும் இல்லையென்றால் வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பழகுங்கள், புது பேட் டிஸ்க்கில் படிய கொஞ்ச தூரம் ஓடவேண்டும். மறுநாள் காலை டப்பாவில் அளவு அதே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். குறைந்திருந்தால் எடுக்காமல் இங்கே எழுதுங்கள்.