நொய்யலை இப்போது கொல்வது சாயமா, சாக்கடையா?

மதகடி:
நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை என்று யார் பேச்செடுத்தாலும் "சாயப்பட்டறை" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 1992இல் கட்டி முடித்த அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டி ஆனது உண்மை. ஆயக்கட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் கழிவை ஆற்றில் விடக் கூடாது என்று சொல்லியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான் பூஜ்ஜியக் கழிவு முறை (கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை) நிஜமாக ஓட ஆரம்பித்தது. அன்று ஆற்றில் இறங்கிய உப்பும் இன்று இறங்குவதும் ஒன்றல்ல.

இன்றைக்கு மீனைக் கொல்வது சாக்கடை. ஓர் ஆளின் கழிவு ஒரு நாளைக்குச் சுமார் 45 கிராம் ஆக்சிஜனைக் கேட்கும் (பிஓடி என்பது அதுதான்). லட்சம் பேருக்கு நாலரை டன். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைப்பதே ஏழரை மில்லிகிராம். கோடையில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் கோவை, திருப்பூர் சாக்கடைதான். அடுத்த ரூபாய் பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் போகவேண்டும் என்பது என் வாதம்.

உப்புக்கணக்கு:
ஆக்சிஜன் கணக்கில் மறுப்பில்லை. உப்பு முடிந்துபோன கதை என்பதில்தான் மறுப்பு. சாக்கடையை நிறுத்தினால் மிச்சத்தைப் பாக்டீரியா தின்றுவிடும், ஆறு மூச்சுவிடும். உப்பைத் தின்ன எந்த உயிரும் இல்லை.

பருத்திப் பின்னல் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போடுகிறார்கள். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி எடையைப் போல ஆறு மடங்கு தண்ணீர் என்றால் ஒரு டன் துணிக்கு 360 கிலோ உப்பு. அதன் வேலை சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது மட்டும். துணியில் தங்காது, அத்தனையும் கழிவோடு வரும். ப்ளீச்சிங் முதல் கடைசி அலசல் வரை கிலோவுக்கு 60 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் கலவைக் கழிவில் லிட்டருக்கு 6,000 மி.கி. உப்பு. சோடா ஆஷ், காஸ்டிக் எல்லாம் தனி. ஆற்றில் விட வரம்பு 2,100. இந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் ஓடைகளில் இறங்கிப் பாறை வெடிப்புகளுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து திரும்பி வருகிறது. பட்டறை நின்றாலும் இது நிற்காது.

சாயத்தொட்டி:
சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். கழிவு முதலில் சமன்செய்யும் தொட்டியில் நிற்கும், காரத்தை அமிலம் விட்டு இறக்குவார்கள், பிறகு பயாலஜிக்கல் தொட்டி, மணல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்டர், மூன்று நான்கு கட்ட ஆர்ஓ (அழுத்தம் கொடுத்து உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி). நூறு லிட்டரில் 85 முதல் 90 லிட்டர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்புகிறது.

சிக்கல் மீதியில்தான். 6,000 மி.கி.யாக உள்ளே போனது ரிஜெக்டில் (ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் மீதித் தண்ணீரில்) 50,000ஐத் தொடும். அதை எவாப்பரேட்டரில் காய்ச்சும்போது கால்சியமும் சிலிக்காவும் குழாயில் பாறையாகப் படியும். வெப்பம் ஏறாது, மின்சாரம் தின்னும், நிறுத்திக் கழுவ வேண்டும். முன்னால் கடினத்தன்மையை எடுக்காத நிலையம் மாதம் முழுக்கக் கழுவிக்கொண்டே இருக்கும். கடைசியில் கையில் நிற்பது கலப்பு உப்பு: குளோரைடும் சல்ஃபேட்டும் சாய மிச்சமும் ஒன்றாக. விகிதம் லாட்டுக்கு லாட் மாறுவதால் அதை மறுபடி சாயத்துக்குப் போட்டால் ஷேடு ஒத்துவராது.

இதற்கு வழி இருக்கிறது. ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த எல்லாப் பட்டறைகளும் சோடியம் சல்ஃபேட் மட்டும் வாங்க வேண்டும். அப்போது ரிஜெக்டைக் காய்ச்சாமல் நிறத்தை எடுத்து, கடினத்தைக் குறைத்து, பிரைனாகவே (அடர் உப்புக்கரைசலாகவே) சாயத்தொட்டிக்குத் திருப்பலாம். திருப்பூர் அருள்புரம் பொது நிலையம் பிரைனைத் திருப்பும் வழியில்தான் போனது. கெடுப்பது எது தெரியுமா? நிறம் எடுக்கக் குளோரின் விடுவது. விட்ட குளோரின் குளோரைடாகத்தான் மிஞ்சும், சல்ஃபேட் பிரைன் மறுபடி கலப்பாகிவிடும். ஓசோன் அல்லது நிறத்தைப் பிடித்துவைக்கும் ரெசினுக்கு மாற வேண்டும்.

உப்புக்கணக்கு:
சொன்னபடி ஓடும் நிலையத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கூரைக்கடியில் கிடக்கிறதே, அது ஈரம் உறிஞ்சி ஒழுகும். மழை நாளில் ரிஜெக்டை ஓடையில் திறந்துவிட்டால் பெருகி ஓடும் தண்ணீரில் யாருக்குத் தெரியும்?

மதகடி:
தெரியும், அளந்தால். ஆனால் ஆற்றில் டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) ஏறியதும் "பட்டறை திறந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். நீங்களே கசிவு என்கிறீர்கள். இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

உப்புக்கணக்கு:
மின்கடத்துத் திறனை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் லாகர் ஒன்றை ஓடை சேருமிடத்துக்கு மேலேயும் ஒன்றைக் கீழேயும் வையுங்கள். இரண்டையும் அளவு தெரிந்த 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை எலெக்ட்ரோடில் படிந்த பாசியைத் துடைக்காவிட்டால் அளவு தானாகக் கீழிறங்கும். வந்த எண்ணைத் தோராயமாக 0.64ஆல் பெருக்கினால் டிடிஎஸ்.

நிலத்தடிக் கசிவு என்றால் கோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், மழை பெய்தால் நீர்த்துப்போகும். திறந்துவிட்டது என்றால் நள்ளிரவில் கூர்மையான முள் போல ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். மழையின் நடுவே அப்படி ஏறினால் சந்தேகம் வலுக்கும். வீட்டுச் சாக்கடை, குடிநீரில் இருந்ததைவிட லிட்டருக்குச் சில நூறு மி.கி.தான் கூட்டும், ஆயிரங்களில் கூட்டாது.

கீழ்மடை:
ரெண்டு பேரும் ஆத்துக்குள்ளயே நிக்கிறீங்க. கீழ இருக்கற பயிர்க்காட்டைப் பாருங்க. எங்களுக்கு மொத்த உப்பைவிட சோடியம்தாங்க பிரச்சினை. களிமண்ணுல கால்சியம் இருந்த இடத்தை சோடியம் புடிச்சா மண்ணு கட்டுவிட்டுச் சேறாயிடும், காய்ஞ்சா ஓடு மாதிரி இறுகிடும், தண்ணி உள்ள இறங்காது. ஜிப்சம் போடச் சொல்றாங்க. ஜிப்சம் சோடியத்தை எடுத்துத்தான் விடும், அதைக் கீழ கழுவிக் கொண்டுபோக நல்ல தண்ணி வேணும், வடிகால் வேணும். அந்த நல்ல தண்ணி எங்கிருந்து வருமுங்க? தேக்கவே வேண்டாம்னு பாசனக்காரங்களே சொன்ன அணை இந்த ஒரத்துப்பாளையந்தாங்க. இதுல இப்ப உரத்தையும் பூச்சிமருந்தையும் சொல்லி எங்க மேலயும் பழியைத் திருப்பறாங்க.

மதகடி:
திருப்பவில்லைங்க. ஆனால் 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் கிட்டத்தட்ட 21 கிலோ. மேலே தென்னைக்கும் வாழைக்கும் போட்டதில் பயிர் எடுக்காத பங்கு கிணற்றுக்கும் குளத்துக்கும் போகிறது. பல்லடம் பக்கம் கோழி எருவும் இருக்கிறது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நீர்ப்பூச்சி:
உரத்தைவிட மருந்தை முதலில் வைப்பேன். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேயே டாஃப்னியா என்ற நுண்ணிய நீருயிரியைக் கொல்லும். மீன் சாகாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பாசியை மேய்ந்துகொண்டிருந்த அந்த உயிரி செத்ததும் குளம் பச்சையாகும். ஸ்பிரேயர் டேங்கை வாய்க்காலில் அலசுவதை நிறுத்தினாலே பெரிய குறைப்பு.

ஆனால் சாயமா சாக்கடையா என்று தனித்தனியாகக் கேட்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. சாயத்தோடு வந்த சல்ஃபேட் தனியாக நின்றால் பெரிய தீங்கில்லை. சாக்கடை ஆக்சிஜனைத் தீர்த்த பிறகு அடிச்சேற்றுப் பாக்டீரியா அந்த சல்ஃபேட்டைத்தான் மூச்சுக்கு எடுக்கும்; ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகிய முட்டை நாற்றமும் கருஞ்சேறும் அதுதான். அந்த சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு கட்டி வைத்திருந்த பாஸ்பேட் அவிழ்ந்து தண்ணீருக்கு வரும், ஆகாயத்தாமரைக்கு அதுவே தீனி. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை விட்டால் சேறு இரண்டையும் நினைவில் வைத்திருக்கும்.

இன்னொன்று. பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்து பிஎச் 9க்கு ஏற்றும். சாக்கடை அம்மோனியா பிஎச் 7இல், 30 டிகிரியில், நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது; 9இல் ஏறக்குறைய பாதி. அதனால்தான் மதியத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீன் மிதக்கிறது. விடியுமுன் ஓர் அளவு, பிற்பகலில் ஓர் அளவு எடுக்காத அறிக்கையை நம்பாதீர்கள். ஜிலேபி கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் துள்ளுவதைக் காட்டி "ஆறு பிழைத்தது" என்பவர்களுக்கும் ஒன்று: அவை இரண்டும் எதையும் தாங்கும். கல்லைப் புரட்டிப் பாருங்கள். சிவப்புப் புழு மட்டும் இருந்தால் ஆக்சிஜன் இல்லை.

மதகடி:
சேற்றுக் கணக்கு ஏற்கிறேன். அப்படியும் சல்ஃபேட்டை சல்ஃபைடாக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி சாக்கடைதானே? அதை நிறுத்தினால் நாற்றம் நிற்கும். என் வரிசையை மாற்றவில்லை.

உப்புக்கணக்கு:
நாற்றம் நிற்கும், கீழ்மடை சொன்ன சோடியம் நிற்காது.

கீழ்மடை:
அப்ப தூர்வாரினா? குளத்து வண்டல்னா காட்டுக்கு ஓட்டறது வழக்கமுங்க.

நீர்ப்பூச்சி:
இந்த வண்டலைச் சோதிக்காமல் ஓட்ட வேண்டாங்க. கருஞ்சேறு காற்றுப் பட்டதும் சல்ஃபைடு அமிலமாகும், சேற்றில் பிணைந்திருந்த செம்பும் குரோமியமும் கரைய ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் இல்லாமல் குளத்தில் பத்து இடங்களில், முழங்கை ஆழத்துக்கு எடுங்கள். ஒரு பாதியை மண் பரிசோதனைக்கு அனுப்பி மின்கடத்துத் திறன், சோடியம், குரோமியம், செம்பு கேளுங்கள். மறு பாதியை ஒரு தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரம் காயாமல் எட்டு வாரம் நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை பிஎச் பாருங்கள். 4க்குக் கீழே போனால் அந்தச் சேறு காட்டுக்கு ஆகாது; கரையிலும் குவிக்கக் கூடாது, அடுத்த மழைக்கு மறுபடி குளத்துக்கே வந்துவிடும்.