ஷோரூம் மேசையில் ஒரு கணக்கு, வீட்டு நோட்டில் ஒரு கணக்கு

என் முதல் வண்டியை முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன். கடன்படாமல் வாங்கிவிட்டோம் என்ற பெருமை நான்கு மாதங்கள்தான் நீடித்தது. ஐந்தாம் மாதம் அம்மாவுக்கு அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தபோது, என் கணக்கில் ஒரு மாதச் செலவுக்கான பணம்கூட இல்லை. வாசலில் நின்ற வண்டியை விற்கலாம் என்றால், வாங்கிய விலையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்க வேண்டும் என்றார்கள். கடைசியில், வாகனக் கடனைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கித்தான் சமாளித்தேன்.

இந்தச் சூடு ஆறாததால், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாவது வண்டி வாங்கப் போனபோது கடன் வாங்கும் எண்ணத்துடனேயே போனேன். கையில் பணம் இருக்கிறது என்று நான் சொன்னதும், விற்பனையாளர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். புரிவதற்கு எளிதாக, தொகையை 1,00,000 என்று வைத்துக்கொள்கிறேன். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 2,076. அறுபது மாதங்களில் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 24,550. அதே 1,00,000-ஐ 6 சதவீத வைப்பில் போட்டுவைத்தால், மாதாமாதம் வட்டி சேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் 1,34,885 ஆகும். “வட்டி இருபத்து நான்காயிரம் போகிறது, முப்பத்து நான்காயிரம் வருகிறது. பத்தாயிரம் உங்களுக்கு லாபம்தானே, மேடம்?” என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார். கூட்டல் கழித்தலில் எங்கும் பிழை இல்லை. 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 6 சதவீதத்துக்குப் போட்டுவைத்தால் லாபம் எப்படி வரும் என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாளுடன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தபோதுதான் அவர் எழுதாமல் விட்டது எதுவென்று தெரிந்தது. அந்த 2,076 மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து போகிறது. ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் அந்தத் தொகை என்னிடமே இருக்கும். அதை அதே 6 சதவீதத்தில் மாதந்தோறும் சேர்த்து வந்தால், அறுபதாம் மாதம் 1,44,800-ஐத் தொடும். பத்தாயிரம் லாபம் என்று காட்டிய இடத்தில் உண்மையில் ஏறக்குறைய பத்தாயிரம் நட்டம்! வைப்பு வட்டிக்கு வரியும் உண்டென்றால் நட்டம் இன்னும் கூடும்.

மறுநாள் வேறொரு நிறுவனத்தில் விசாரித்தபோது, “எங்களிடம் 7 சதவீதம்தான்” என்றார்கள். தவணை எவ்வளவு என்று கேட்டேன், 2,250 என்றார்கள். 9 சதவீதத்துக்கு 2,076 என்றால் 7 சதவீதத்துக்கு அதைவிடக் கூடுமா? அது ஃபிளாட் வட்டி. பாதிக் கடனை அடைத்த பிறகும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுகிற முறை. குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் அது ஏறத்தாழ 12.5 சதவீதத்துக்குச் சமம். அன்றிலிருந்து நான் சதவீதத்தைக் கேட்பதே இல்லை. தவணை எவ்வளவு, எத்தனை மாதம், நடைமுறைக் கட்டணம் என்ன என்ற மூன்றை மட்டும் கேட்டு, மீதியை நானே பெருக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆக, கணக்கு ரொக்கத்தின் பக்கம் நின்றது. அம்மாவின் அறுவை சிகிச்சை கடனின் பக்கம் நின்றது. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தை முதலில் ஒதுக்கினேன். அதைத் தொடாமல் கொடுக்க முடிந்த 60 சதவீதத்தை முன்பணமாகக் கட்டி, மீதி 40 சதவீதத்துக்கு மட்டும், அந்த 9 சதவீத வட்டிக்கே, மூன்று ஆண்டுக் கடன் வாங்கினேன். வண்டி விலை 1,00,000 என்றால் மொத்த வட்டி 5,800-க்குள் அடங்கும். கையில் பணம் இருக்கிறது என்ற நிம்மதிக்கு அது அதிக விலையாக எனக்குப் படவில்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். மறுபடியும் நோட்டை எடுத்தேன். நிலுவை 14,545, அதன் மீது இனி வரப்போகும் வட்டி வெறும் 720, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் 3 சதவீதம், அதாவது 436. தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதி தொடக்க மாதங்களிலேயே போய்விடுவதால், அடைத்தாலும் மிஞ்சப்போவது 300-க்கும் குறைவு. அந்தப் பணம் வைப்பிலேயே இருந்தால் அதைவிடக் கூடுதலாக வரும். மீதிப் பன்னிரண்டு தவணைகளையும் அதனதன் தேதியிலேயே கட்டினோம்.