பழைய பிக்கப்பில் பவர் பிரேக்: பூஸ்டர் மட்டும் பொருத்தினால் போதுமா?

ஆறுசிலிண்டர்66:

வணக்கம். என்னிடம் 1966ஆம் ஆண்டின் செவ்ரோலெட் சி10 பிக்கப் ஒன்று இருக்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம்), மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் கிடையாது. வண்டி காலியாக இருக்கும்போது சமாளித்துவிடலாம். பின்னால் அரை டன் சரக்கு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது, இருக்கையிலிருந்து எழுந்து பெடலின் மேல் நிற்பதுபோல் மிதித்தால்தான் வேகம் அடங்குகிறது. என் மனைவியும் இந்த வண்டியை ஓட்டுவதுண்டு. சென்ற வாரம் ஒரு திருப்பத்தில் இரண்டு கால்களையும் சேர்த்து மிதிக்க வேண்டியிருந்தது என்று அவர் சொன்ன பிறகு, இந்த வேலையைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே, எஞ்சினின் வெற்றிட இழுவையில் இயங்கும் ஒரு வாக்யூம் பூஸ்டரைப் பொருத்தினால் போதுமா? பெடலிலும் ஏதேனும் மாற்ற வேண்டுமா? முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போட்ட பிறகுதான் பூஸ்டரைப் பற்றி யோசிக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்கை:

நண்பரே, பூஸ்டர் வாங்குவதற்கு முன் நான்கு டிரம்களையும் கழற்றிப் பாருங்கள். பூஸ்டர் உங்கள் காலுக்கு உதவுமே தவிர, சக்கரத்தில் இருக்கும் பிரேக்கைப் பெரிதாக்காது. டிரம் பிரேக்கில் ஷூ (உள்ளிருந்து விரிந்து அழுத்தும் வளைந்த கட்டை) டிரம்மைத் தொட்டவுடன், சுழலும் டிரம்மே அதைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். இந்த இயல்பு இருப்பதால்தான் அந்தக் காலத்துப் பிக்கப்கள் பூஸ்டர் இல்லாமலே ஓடின. நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக்குக்கு இரண்டு கால்கள் தேவைப்படக் கூடாது. உங்களுக்குத் தேவைப்படுகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

ஒருமுறை என்னிடம் இதே குறையோடு வந்த வண்டியில், ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் கனம் புதிதுபோலவே இருந்தது. ஆனால் அதன் மேற்பரப்பு ஓடு பதித்த தரைபோல் பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் துளிகூடத் தூள் உதிரவில்லை. சூட்டில் கண்ணாடிபோல் இறுகிப்போன அந்த லைனிங்கை எவ்வளவு அழுத்தினாலும் அது வழுக்கத்தான் செய்யும். ஆகவே லைனிங்கைப் பாருங்கள், ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் இரண்டு பக்கமும் தாராளமாக நகர்கின்றனவா என்று பாருங்கள், ரப்பர் ஹோஸ்களையும் விட்டுவிடாதீர்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருப்பது பழைய வண்டிகளில் சாதாரணம்.

பூஸ்டரைக் காட்டிலும் அவசரமான வேலை ஒன்று உண்டு. ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரில் ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். உங்கள் வண்டிக்கு அடுத்த ஆண்டே, 1967இல், இரட்டை அறை வந்துவிட்டது. வேறு எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள்.

அளவுகோல்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதன் பிறகும் பூஸ்டர் வேண்டும் என்றால், முதலில் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெடலின் நெம்பு விகிதம். பெடல் தொங்கும் அச்சிலிருந்து நீங்கள் மிதிக்கும் தகட்டின் நடு வரையிலான தூரத்தை, அதே அச்சிலிருந்து, மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடு மாட்டியிருக்கும் துளை வரையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். பூஸ்டர் இல்லாத வண்டிகளில் இது 6 அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். பூஸ்டர் உள்ள வண்டிகளில் 4 அல்லது அதை ஒட்டி இருக்கும். 30 கிலோ விசையோடு மிதித்தால் 6 விகிதத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கு 180 கிலோ போய்ச் சேருகிறது. விகிதத்தை 4 ஆக்கினால் 120 கிலோதான் போகும், ஆனால் பூஸ்டர் தன் பங்கைச் சேர்க்கும். பூஸ்டருக்குள் இருக்கும் எட்டு அங்குல டயஃப்ரம் (நெளியும் தட்டு) ஒன்றின் பரப்பு சுமார் 320 சதுர சென்டிமீட்டர். எஞ்சின் 18 அங்குல (பாதரச அளவில்) வாக்யூம் கொடுத்தால், மறுபக்கத்துக் காற்றழுத்தம் அதை ஏறக்குறைய 200 கிலோ விசையோடு தள்ளும். வாக்யூம் 10 அங்குலமாகக் குறைந்தால் இந்த உதவியும் 110 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். பழைய விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு பூஸ்டரை மாட்டினால் பெடல் நெடுந்தூரம் இறங்கும், லேசாகத் தொட்டாலே டிரம் கவ்வும். ஈரமான சாலையில் அது ஆபத்து. சில பெடல்களில் இரண்டு துளைகள் இருக்கும்: அச்சுக்கு அருகிலுள்ள மேல் துளை சாதாரண பிரேக்குக்கு, கீழ்த் துளை பவர் பிரேக்குக்கு. உங்களுடையதில் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வாக்யூம். எஞ்சின் சூடான பிறகு, மெனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) ஒரு கேஜை மாட்டி, ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 18 அங்குலத்துக்குக் குறையாமல், முள் ஆடாமல் நின்றால் கவலையில்லை. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய எஞ்சின்களில் இது வெகுவாகக் குறையும். அவர்கள் மின்சார வாக்யூம் பம்ப் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் பக்கம் போக வேண்டியிருக்கும். டீசல் எஞ்சினில் மெனிஃபோல்டு வாக்யூமை நம்பவே முடியாது என்பதால்தான் அவற்றில் தனி வாக்யூம் பம்ப் இருக்கிறது.

ஆறுசிலிண்டர்66:

இருவருக்கும் மிக்க நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் வண்டிக்கு அடியிலேயே கழிந்தன. முன் இடது வீல் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் துருப்பிடித்து அசையாமல் இருந்தது. பின் வலது பக்கத்து லைனிங் முழுவதும் ஆக்ஸில் சீல் வழியாகக் கசிந்த கியர் ஆயில் ஊறியிருந்தது. இரண்டையும் சரிசெய்து ஷூக்களையும் இறுக்கி வைத்த பிறகு பெடல் பெருமளவு திருந்திவிட்டது. ஆனாலும் சரக்கோடு வரும்போது கால் வலிக்கத்தான் செய்கிறது. வாக்யூம் 19 அங்குலம். பெடலில் மேலிருந்து தகடு வரை 12 அங்குலம், துளை வரை 2 அங்குலம்; ஆக விகிதம் 6. டிஸ்க்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

நீண்டஇறக்கம்:

சரக்கு ஏற்றி இறக்கத்தில் போகிறவர் என்பதால், முன் டிஸ்க்கையும் பூஸ்டரையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள் என்பதே என் கருத்து. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இறங்கும். டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, சூடும் விரைவில் ஆறும். ஆனால் டிஸ்க்குக்குத் தானாக இறுக்கிக்கொள்ளும் இயல்பு கிடையாது. அதற்கு அதிக அழுத்தம் வேண்டும், எனவே பூஸ்டர் அங்கே உண்மையான தேவையாகிறது.

சி10 வண்டிகளில் 1971இலிருந்துதான் முன் டிஸ்க் இயல்பாகவே வரத் தொடங்கியது. அந்த ஆண்டு முதலான சாமான்களைத்தான் பலரும் தேடிப் போடுகிறார்கள். உங்கள் சக்கரத்துக்கு ஆறு போல்ட்டு, அவற்றுக்கு ஐந்து. முன்னால் ஐந்தும் பின்னால் ஆறுமாக விட்டுவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. வாங்கும் முன்பே இதற்கு ஒரு முடிவு செய்யுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் ஒரு அங்குலமா, ஒன்றே அரைக்கால் அங்குலமா என்பதில் பலர் குழம்புகிறார்கள். விட்டம் சிறுத்தால் அழுத்தம் கூடும், பெடல் அதிகம் இறங்கும். பெருத்தால் இதற்கு நேர்மாறு. அரைக்கால் அங்குல வித்தியாசம் சின்னதாகத் தோன்றினாலும் பரப்பில் அது கால் பங்குக்கு மேல். டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் பொதுவான சிலிண்டரையே வாங்குங்கள். நான்கும் டிரம்மாக இருந்த வண்டியின் சிலிண்டரில், வெளிவழியில் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவுக்கு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கலாம். அது டிஸ்க் பக்கம் இருந்தால், டிஸ்க்கைக் கவ்வும் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின் சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டாதிருக்க, டிஸ்க்-டிரம் கலவைக்கான காம்பினேஷன் வால்வும் தேவை. குழாய் முனைகளுக்கு இரட்டை ஃப்ளேர் (இரண்டாக மடித்து விரித்த முனை) போடுங்கள். பிரேக் லைனில் கம்ப்ரெஷன் ஜாயின்ட் (வளையத்தை நசுக்கி இறுக்கும் இணைப்பு) கூடவே கூடாது.

ஆறுசிலிண்டர்66:

முன் டிஸ்க்கும் பூஸ்டரும் போட்டு, வேலை முடிந்து வண்டி வெளியே வந்தது. ஆனால் ஒரு சிக்கல். ஐந்து கிலோமீட்டர் ஓட்டியதும் முன் சக்கரங்களிலிருந்து கருகும் வாடை வருகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. சற்று ஆறவிட்டாலும் விடுவதில்லை. அழுத்தத்தைத் தக்கவைக்கும் பழைய வால்வு எதுவும் முன்பக்கம் இல்லை என்பதை உறுதிசெய்துவிட்டேன்.

அளவுகோல்:

மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைத்திருக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சிலிண்டரை ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். குழாயைக் கழற்ற வேண்டாம். சக்கரம் உடனே சுதந்திரமாகச் சுற்றினால், பூஸ்டரின் முன் ராடு நீளமாக இருக்கிறது என்று பொருள். அது பிஸ்டனை எப்போதும் சற்றே தள்ளிக்கொண்டிருப்பதால், பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கிறது. சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லை, அதனால் பிரேக் தானாகவே இறுகுகிறது.

ராடின் நுனியில் சிறிது விளையாட்டுக் களிமண்ணை ஒட்டி, சிலிண்டரை முழுவதும் இறுக்கிப் பிறகு கழற்றிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. அரை மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் பெடல் வீணாக இறங்கும்.

ஆறுசிலிண்டர்66:

நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டது. நீங்கள் சொன்னபடியே களிமண் வைத்துப் பார்த்தேன். நுனியில் அது முற்றிலும் பிதுங்கி, இரும்பு தெரிந்தது. ராடைத் திருகிக் குறைத்து அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். பிறகு தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி நான்கிலும் மறுபடி ஏர் எடுத்தேன் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன்).

எஞ்சினை நிறுத்திய நிலையில் பெடலை ஐந்தாறு முறை அடித்துக் கெட்டியாக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால், பெடல் காலுக்கடியில் ஒரு விரலளவு இறங்கி நிற்கிறது. நேற்று அரை டன் சரக்கோடு அதே இறக்கத்தில் என் மனைவியே ஓட்டினார். கீழே வந்து முன் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு, கருகும் வாடை இல்லை.