ஊற்றுக்கு மேலே மலையை வெட்டுகிறார்கள், யாரிடம் போவது?

வணக்கம் உறவுகளே. நான் இலங்கையில், பதுளை மாவட்டத்து ஹப்புத்தளைப் பக்கம். எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பீலிக்கு, அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, தண்ணீர் வருவது மேலே உள்ள தனியார் காணியின் ஊற்றிலிருந்து. தாத்தா காலத்திலிருந்து அதைத்தான் குடிக்கிறோம். போன வருடம் காணி கைமாறியது. இப்போது ஊற்றைச் சுற்றி நின்ற மரங்களை எடுத்துவிட்டு, பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வைத்துச் சரிவை வெட்டுகிறார்கள். பீலியில் செம்மண் கலந்துதான் வருகிறது. இரவில் மழை கனத்தால் யாரும் தூங்குவதில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்ததை எப்படி மறப்பது?

காணியை வாங்கியவரிடம் நேரில் போய்ப் பேசினோம். மரியாதையாகத்தான் பேசினார். "காணி உறுதிப் பத்திரம் என் பெயரில இருக்கு, என் காணியில நான் வீடு கட்டுறேன்" என்றார். சரி, காசு கொடுத்து வாங்கியவர், அவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் முப்பது குடும்பத்துக்கு வேண்டும்.

பதுளை மாவட்டத்தில் இப்படிச் சரிவில் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும். அது எடுத்தாரா என்று நாங்கள் எங்கே கேட்டுப் பார்ப்பது? பிரதேச சபையிலா, பிரதேச செயலகத்திலா?

அப்புறம், 10 வருடம் தடையில்லாமல் பயன்படுத்தினால் வழியுரிமை, நீருரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. எங்களுக்கோ சொந்தக் காணியே இல்லை, லயம் தோட்டத்துடையது. உறுதி இல்லாதவர்கள் அதைக் கோர முடியுமா? சட்டம் தெரிந்தவர்கள், இதே பிரச்சினையைப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பெக்கோ நாளைக்கும் வருகிறது.