வெள்ளையில் இறங்கிய அவுரி நீலம்: உதவி தேவை

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். மே மாதம் குடும்பத்தோடு ஜப்பான் சுற்றிப் பார்க்கப் போனபோது, டோக்கியோவில் நிப்போரி துணிக்கடைத் தெருவில் அவுரிச் சாயம் போட்ட பருத்தித் துணி வாங்கினேன். அவ்வளவு ஆழமான நீலம்! ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடம், சமையல், மாமியாருக்கு மருந்து என்று நாள் ஓடிவிடும். எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து, எம்.சி. ரோட்டில் எடுத்த வெள்ளைப் பருத்தியோடு சேர்த்து மகளுக்காக ஒரு குயில்ட் தைத்து முடித்தேன்.

போன வாரம் பச்சைத் தண்ணீரில் முதல் அலசு. தையல் ஓரமெல்லாம் வெள்ளையில் விரல் அகலத்துக்கு நீலம் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. கல்லுப்பு, வினிகர் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. சோப்புத்தூளில் ஊறவைத்ததில் கொஞ்சம் வெளிறியது, ஆனால் அலசுகிற தண்ணீர் இன்னும் நீலமாகத்தான் வருகிறது. டிரை கிளீனிங் கடையில் கையை விரித்துவிட்டார்கள். பிளீச்சைத் தொடவில்லை, அது அவுரியையே தின்றுவிடும். இஸ்திரியும் போடவில்லை.

அளவு 60க்கு 80 அங்குலம், உள்ளே பருத்திப் பஞ்சு, நெருக்கமான கைத்தையல். அதனால் பிரிக்க வழியில்லை.

அவுரித் துண்டுகள் வெளிறாமல், வெள்ளையில் படிந்த சாயத்தை மட்டும் எப்படி எடுப்பது?