ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத பெண் ஊழியர்கள்: வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். தொழிலாளர் சட்டத்திலோ தொழிற்சங்கப் பணியிலோ அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனையை நாடி இதை எழுதுகிறேன்.

எங்கள் பணியிடத்தில் ஒரே வேலையைச் செய்யும் ஆண்கள் சில ஆண்டுகளில் நிரந்தரமாக்கப்படுகிறார்கள். பெண்களுக்கோ ஒப்பந்தம் மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது, அதுவும் கர்ப்பத்தைத் தெரிவிக்கும் வரைதான். அதன்பின் ‘ஒப்பந்தக் காலம் நிறைவடைந்தது’ என்று ஒற்றை வரிக் கடிதம் வந்து சேரும். பணிநீக்கம் என்ற சொல்லே அதில் இராது என்பதால், முறையிடச் சென்றால் ‘உங்களை யாரும் நீக்கவில்லையே’ என்று பதில் கிடைக்கிறது. சாமர்த்தியமான ஏற்பாடுதான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 183ஆம் உடன்படிக்கை, குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பை வரையறுப்பதோடு, கர்ப்ப காலத்துப் பணிநீக்கத்துக்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியின் மீதே வைக்கிறது. அதை ஏற்புறுதி செய்த நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்பதையும் அறிவேன்.

புதுப்பிக்க மறுப்பதையே பாகுபாடு என்று நிறுவிய அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? பணி மதிப்பீட்டு அறிக்கைகள், முந்தைய ஒப்பந்தங்கள், கர்ப்பத்தை மேலாளருக்குத் தெரிவித்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் திரட்டி வருகிறோம். வேறு எவை தேவைப்படும்? ஊதிய வேறுபாட்டைக் காட்டச் சம்பளச் சீட்டுகளைத் தர ஆண் ஊழியர்கள் சிலர் இசைந்தாலும், அடுத்த ஒப்பந்தம் கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில் கூட்டு மனுவில் கையெழுத்திட எவரும் துணியவில்லை. பெயர்கள் வெளிப்படாமல் முறையீட்டை முன்னெடுக்க வழியிருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.