வாசகசாலைப் பழைய புத்தகங்கள் நொறுங்குகின்றன, செல்லோடேப் ஒட்டலாமா?

கீழத்தெரு வாசகன்:
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் சுமார் 900 புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் 1940, 50களில் அச்சானவை, பெரியவர்கள் சந்தா போட்டு வாங்கிச் சேர்த்தவை. போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி இரண்டு அலமாரி நனைந்துவிட்டது. காயவைத்து அடுக்கிவிட்டோம், ஆனால் இப்போது எடுத்துப் பார்த்தால் சிலவற்றின் அட்டையை யாரோ நகத்தால் சுரண்டியது போல இருக்கிறது, சிலவற்றில் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஊசி குத்தியது போல ஓட்டை. சில தாள்கள் தொட்டாலே அப்பளம் மாதிரி உடைகின்றன. செல்லோடேப்பும் ஃபெவிக்காலும் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பைண்டிங் கொடுத்துவிட்டு அலமாரியில் நாப்தலீன் உருண்டை போடச் சொல்கிறார் ஒரு நண்பர். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்காரப் போகிறோம், எங்கிருந்து ஆரம்பிப்பது?

பசைக்கிண்ணம்:
தம்பி, அந்த டேப்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரி நூலகம் ஒன்றில் இருபது வருஷமாகப் புத்தகம் சீர்செய்கிறேன், கிழிசலைவிட டேப்பால் கெட்ட தாள்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பிளாஸ்டிக் காய்ந்து உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்பாக நிற்கும். ஃபெவிக்காலும் காய்ந்தபின் பிரியாது. நாளைக்கு இன்னொருவர் தண்ணீர் தொட்டுப் பிரிக்க முடிகிற மாதிரிதான் ஒட்ட வேண்டும், அதற்கு மாவுப் பசை போதும்.

மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி வைத்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பிசையுங்கள். பால் போல மாவு கரைந்து இறங்கும், கையில் ரப்பர் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சும், அது வேண்டாம். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு மேல் தண்ணீரை இறுத்தால் அடியில் வெள்ளை மாவு இருக்கும். ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டுங்கள், கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். பூச்சி வராது என்று மயில்துத்தம் கலக்கிற பழக்கம் உண்டு, கலக்காதீர்கள், அது தாளையே முறித்துவிடும். பசை புளித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

கிழிசலுக்கு ஜப்பானியத் தாள் என்று மெல்லிசாக ஒன்று ஆன்லைனில் கிடைக்கும். கத்தரிக்காமல், நனைத்த தூரிகையால் கோடு இழுத்துக் கையால் பிய்த்தால் ஓரத்தில் பூனைமுடி போல இழை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இழைதான் கிழிசலைப் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி, ஒருநாள் தொடாமல் விடுங்கள்.

வேப்பமரத்தடி:
பைண்டிங்குக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். எங்கள் அப்பா பென்சிலால் ஓரமெல்லாம் குறிப்பெழுதிய ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். மூன்று பக்கமும் கட்டிங் போட்டுப் பளபளவென்று காலிக்கோத் துணி ஒட்டித் தந்தார்கள், அப்பாவின் எழுத்தில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இன்றுவரை அதைத் திறந்தால் மனது ஆறவில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் "ஓரம் வெட்டக்கூடாது" என்று எழுதியே கொடுங்கள்.

அப்புறம் பூச்சி. மேலே சுரண்டியிருப்பது ராமபாணம், பசைக்கும் மாவுக்கும் வருவது. ஓட்டை போடுவது வண்டின் புழு. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, புத்தகத்தைத் தட்டித் துடைத்து, வெள்ளைத்தாள் மேல் நிறுத்தி வையுங்கள். சில வாரத்தில் புதிதாக மாவு மாதிரி பொடி விழுந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி டீப் ஃப்ரீசரில், மைனஸ் 18க்குக் கீழே, இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர் விட ஒருநாள் ஆகும், முன்னாலேயே திறந்தால் வேர்த்துத் தாள் நனைந்துவிடும். நாப்தலீன் வேண்டாம், அந்த நெடியில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குக் கெடுதல். வசம்பும் கருஞ்சீரகமும் கட்டிய துணிப் பொட்டலத்தை அலமாரியில் வைப்பது சுவடிக் காலத்துப் பழக்கம், செய்யலாம், ஆனால் உள்ளே இருக்கிற புழு அதற்குச் சாகாது.

அடையாற்றங்கரை:
2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீரில் நின்றது. அதில் கற்றது: ஈரம் இரண்டு நாள் தங்கினால் பூஞ்சை வந்துவிடும், வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். மின்விசிறிக் காற்றில், எழுத்தில்லாத வெள்ளைத்தாளை நடுநடுவே செருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழத்தாள் படப் புத்தகங்கள் காயும்போதே செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டன, ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அதனால் முதலில் கூரை ஓடுகளைச் சரிபாருங்கள், பிறகு சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அலமாரியை நிறுத்துங்கள்.

நொறுங்குகிற தாளுக்கு ஒட்டு வேலை செய்யாது. மரக்கூழில் படிகாரம் சேர்த்துச் செய்த தாள் அது, அமிலம் உள்ளேயே இருக்கிறது. தைத்தால் தையல் போட்ட இடத்திலேயே முறியும். அட்டைப் பெட்டி செய்து படுக்க வைத்துவிட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் உருவான நூலகம் அது, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்ததும் அதே வேலைதானே.

கீழத்தெரு வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிற வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். தூசி தட்டி, நொறுங்குவதைத் தனியே பிரித்து, ஓட்டை விழுந்த 30 புத்தகங்களை மட்டும் வெள்ளைத்தாளில் நிறுத்தப் போகிறோம். பசைக்கிண்ணம் ஐயா, ஓரங்களில் 1952இல் யாரோ மையில் எழுதிய பெயர்கள் இருக்கின்றன, மாவுப் பசையின் ஈரத்தில் மை கரையுமா?

பசைக்கிண்ணம்:
கரையலாம். பெயரின் ஓர் ஓரத்தில், புள்ளி அளவு இடத்தில், ஈரப்பஞ்சு நுனியை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பக்கத்தில் பசையே வேண்டாம்.